தபால் குறியீட்டின் முதல் 2 இலக்கம்: காவிரிக்கரையிலிருந்து பிரான்சுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

காரைக்கால், தரங்கம்பாடி, மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து பிரான்சுக்கு வந்து இறங்கியதும் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது உங்கள் தபால் குறியீட்டின் முதல் 2 இலக்கத்தை. அதுதான் உங்கள் தெப்பார்த்மான். நம்மூர் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். 75 என்றால் பாரிஸ். பாரிஸை அடுத்த லா கூர்னேவ் 93, சார்செல் 95.

பிரான்சின் நிர்வாக அடுக்கு இப்படி: மேலே 18 ரெழியோன் (பெரும் வட்டாரம்), அதற்குள் 101 தெப்பார்த்மான், அடியில் ஊர் அளவில் ஏறத்தாழ 35,000 கொம்யூன். ரெழியோனை மாநிலம் என்று எண்ணிவிடாதீர்கள். அதற்குத் தனிச் சட்டமன்றம் கிடையாது. ரயில், லிசே (மேல்நிலைப்பள்ளி) கட்டடம் போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் அன்றாடக் காரியம் அங்கே அபூர்வமாகத்தான் போகும்.

கொம்யூன் என்ற சொல் காரைக்கால்காரர்களுக்குப் புதிதல்ல. திருநள்ளாறும் நெடுங்காடும் நிரவியும் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள்தானே. இங்கே இருநூறு பேர் வாழும் கிராமத்துக்கும் ஒரு மேயர், ஒரு மேரி (மேயர் அலுவலகம்) உண்டு. பிள்ளையைத் தொடக்கப்பள்ளியில் சேர்க்க முதலில் மேரிக்குத்தான் போக வேண்டும், நேரே பள்ளிக்கு அல்ல.

கலெக்டர் இடத்தில் இருப்பவர் பிரெஃபே. அவரை அரசே நியமிக்கிறது. கார்த் தெ செழூருக்கு (வசிப்பு அனுமதி அட்டை) இணையத்தில் விண்ணப்பித்தாலும், கோப்பைப் பார்ப்பது நீங்கள் குடியிருக்கும் தெப்பார்த்மானின் பிரெஃபெக்த்யூர், அதாவது பிரெஃபே அலுவலகம். பலர் இடறுவது இங்கேதான். 93-இல் மாமா வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு 95-இல் அறை எடுத்துத் தங்குவார்கள். அழைப்புக் கடிதம் மாமா வீட்டுப் பெட்டியில் கிடக்கும், தேதி போய்விடும். வீடு மாறினால் 3 மாதத்துக்குள் புது முகவரியைத் தெரிவித்தே ஆக வேண்டும். உறவினர் வீட்டில் தங்குகிறீர்களா? அவர் கையெழுத்திட்ட தங்குமிட உறுதிக்கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல், அண்மைய மின்கட்டண ரசீது மூன்றையும் சேர்த்து வையுங்கள்.

பாரிஸில் ஒரு குழப்பம். அரோந்திஸ்மான் என்றால் அங்கே நகர வட்டம். 75010 என்பது 10-ஆம் வட்டம். லியோன், மார்செய் நகரங்களிலும் அப்படித்தான். மற்ற இடங்களில் அதே சொல் தெப்பார்த்மானின் உட்பிரிவைக் குறிக்கும், நம் கோட்டம் போல.

பிறந்த ஊர் விஷயத்தில் டெல்டாக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மயிலாடுதுறை 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 2020-இல்தான் தனி மாவட்டம். ஊர் பெயரே ஒருவர் சான்றிதழில் மாயூரம், பாஸ்போர்ட்டில் மயிலாடுதுறை என்று இருக்கும். இரண்டும் ஒரே ஊர் என்பது பிரெஞ்சு எழுத்தருக்குத் தெரியாது. இரண்டு ஆட்களோ என்று சந்தேகப்பட்டுக் கோப்பை நிறுத்திவிடுவார். புறப்படும் முன்பே இரண்டையும் ஒன்றாக்கி, பிறப்புச் சான்றிதழுக்கு அப்போஸ்தில் முத்திரை (ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு இடும் சான்று) வாங்கிவிடுங்கள். மாவட்டம் இப்போது மாறிவிட்டதே என்று படிவத்தில் நீங்களாகத் திருத்தி எழுத வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதுங்கள்.

சமூகப் பாதுகாப்பு எண்ணிலும் பிறந்த இடம் ஒளிந்திருக்கிறது. 1 85 07 99 223 என்று தொடங்கினால்: ஆண், 1985 ஜூலை, வெளிநாட்டில் பிறந்தவர், நாடு இந்தியா. அந்த எண் உள்ள அட்டை கைக்கு வந்ததும் இந்த இலக்கங்களைச் சரிபாருங்கள். மாதம் தவறாக இருந்தால் உடனே எழுதிக் கேளுங்கள்.

இங்கே குழந்தை பிறந்தால் 5 நாளுக்குள் பதிய வேண்டும். நீங்கள் வாழும் கொம்யூனில் அல்ல, மருத்துவமனை இருக்கும் கொம்யூனின் மேரியில். மன்னார்குடிக்காரர் பிள்ளை தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையில் பிறந்தால் பதிவு தஞ்சாவூரில் இருப்பது போலத்தான். பின்னாளில் பிறப்புச் சான்று தேவைப்படும்போதும் அதே மேரியிடம்தான் கேட்க வேண்டும்.