இருள் மந்திரத்தை ஆட்டத்தில் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்பது ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டம். அதை ஆடக் கொழும்பு வெள்ளவத்தையில் ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் மேசையைச் சுற்றி அமரும் புதியவர்களில் இருவர், தாமே ஆட்டத்தை நடத்தத் தொடங்கியதும் முதலில் எழுதிக்கொண்டு வந்தது இருள் மந்திரங்களைத்தான். அந்தத் தாள்களை வாசித்தபோது, எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதியவையே திரும்பி வந்துவிட்டனவோ என்று தோன்றியது. சேதப் புள்ளிகளை அளவுக்கு மீறிக் கொடுப்பது போன்ற பிழைகள் இரண்டு ஆட்டங்களில் தாமாகவே சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இருட்டில் யாருக்குக் கண் தெரியும் என்று யோசிக்காமல் எழுதுவது

டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸின் 2014ஆம் ஆண்டு விதிநூலில் உள்ள 'டார்க்னஸ்' மந்திரம் 15 அடி ஆரமுள்ள உருண்டையாகப் பரவி, 10 நிமிடம் வரை நிற்கும். சாதாரண இருட்டில் கண் தெரிய உதவும் 'டார்க்விஷன்' ஆற்றல் அந்த மந்திர இருளுக்குள் எடுபடாது. ஆனால் வார்லாக் என்ற மந்திரவாதிப் பாத்திரம் ஆடும் ஒருவர் 'டெவில்ஸ் சைட்' ஆற்றலை எடுத்திருந்தால், 120 அடி வரை அவருக்கு எல்லாம் வழக்கம்போலத் தெரியும். என் ஆட்டத்தில் ஒருவர் இந்த இரண்டையும் சேர்த்து வைத்திருந்தார். அது போதாதென்று, அதே இருளை 30 அடிக்கு விரிக்கும் மந்திரமொன்றை நானே எழுதிக் கொடுத்தேன்.

வில்லாளிக்கு இலக்குத் தெரியவில்லை. 'ஹீலிங் வேர்ட்' மந்திரம் கண்ணுக்குத் தெரிபவரையே குணமாக்கும் என்பதால் வைத்தியம் பார்க்க வந்தவர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். விலகி ஓடும் எதிரியை வெட்டும் வாய்ப்பும், அவனைக் காண முடியாத வாள்வீரருக்குக் கிடைக்கவில்லை. இவை எல்லாவற்றையும்விட எனக்கு இன்றும் எரிச்சல் தருவது, ஒருவரையொருவர் காணாத இருவர் மோதும்போது சாதகமும் (இரு தடவை உருட்டிப் பெரிய எண்ணை எடுப்பது) பாதகமும் (சிறிய எண்ணை எடுப்பது) ஒன்றையொன்று கழித்துவிட, பட்டப்பகலில் உருட்டுவதுபோலவே இருபது முகப் பகடையை ஒரே தடவை உருட்ட வேண்டியிருந்ததுதான். இவ்வளவு இருளும் அதற்குத்தானா? மூன்றாம் ஞாயிறு, ஒருவர் அடிக்க நால்வர் பார்த்திருந்த வேளையில், அந்த நால்வரில் ஒருவர் கொத்து ரொட்டி வாங்கப் போய்ச் சண்டை முடிந்த பிறகே திரும்பினார். அவரை நான் குறை சொல்லவில்லை.

வழி அதே விதியிலேயே இருந்தது. இருளை ஒரு பொருளின்மீது ஏற்றியிருந்தால், ஒளி புகாத எதையாவது கொண்டு அந்தப் பொருளை முழுதாக மூடி இருளை அடைக்கலாம். ஆகவே எதிரிகள் ஏவும் இருளை எப்போதும் ஒரு பொருளிலேயே ஏற்றத் தொடங்கினேன். வரைபடத்தில் அதற்கு ஒரு கறுப்புக் கரம் காய். சுற்றிலும் மூன்று கட்டம். வாள்வீரர் தட்டுத்தடுமாறிப் போய்த் தன் தலைக்கவசத்தை அதன்மேல் கவிழ்ப்பதாகச் சொன்ன தோழி, வெறுமையாயிருந்த தேநீர்ப் பேணியை எடுத்துக் காயின்மேல் கவிழ்த்துவிட்டு, "இனி எல்லாரும் அடியுங்கோ" என்றார்.

இருளைத் தீமையின் நிறமாக்குவது

முகத்துவாரத்துக் காளி கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்து அப்படி எழுத வேண்டாம்.

எல்லா இருளையும் ஒரே இருளாக எழுதுவது

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை நீண்டபோது, ஒரேயொரு மெழுகுதிரியை வைத்துக்கொண்டு ஆடினோம். பகடையின் எண் தெரிந்தது. எதிரே இருந்தவரின் முகம் பாதி தெரிந்தது. கதவடியில் நின்றவரைக் குரலை வைத்தே அறிந்தோம். விதிநூலும் மங்கல் வேறு, இருள் வேறு என்றே பிரிக்கிறது. மங்கலில் கண்ணால் கவனிப்பது மட்டும் கடினமாகும். இருளில் கண் இல்லாததுபோலாகும். உங்கள் மந்திரங்களில் பாதியையாவது மங்கலோடு நிறுத்தினால், வில்லாளிக்கும் வேலை இருக்கும்.

ஒளியை மறப்பது

மூன்றாம் நிலை ஒளி மந்திரமான 'டேலைட்', இரண்டாம் நிலை 'டார்க்னஸை' அழித்துவிடும். உங்கள் இருள் எந்த நிலை ஒளிக்கு அடங்கும் என்பதை மந்திரத்தின் கீழேயே எழுதிவையுங்கள்.