பழைய டாக் வாங்கினால் முதலில் மூடியைத் திறங்கள்

பழைய டாக் (டிஜிட்டல் இசையை அனலாக் ஒலியாக மாற்றும் பெட்டி) தேடுகிறவர்கள் எடுத்ததுமே கேட்பது, "உள்ளே என்ன சிப்?" நான் முதலில் பார்ப்பது பவர் சப்ளையைத்தான். 1990களின் உயர்தரப் பெட்டிகள் பலவும் அவ்வளவு கனமாக இருப்பதற்குக் காரணமே அதுதான்: டிஜிட்டலுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அனலாகுக்குத் தனியாக இன்னொன்று.

பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் இறங்கும்வரை பொறுத்துவிட்டு மூடியைக் கழற்றுங்கள். பெரிய கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, ரெகுலேட்டர்களுக்கு அடியில் போர்டு கருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானியப் பெட்டியாக இருந்தால் பின்பக்கம் 100 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். அப்படியே செருகினால் புகைதான் மிஞ்சும்.

சரி, இப்போது சிப். பிலிப்ஸின் டிடிஏ1541ஏ என்றால் அதைச் சுற்றி 14 சின்னக் கெப்பாசிட்டர்கள் வரிசையாக நிற்கும். உள்ளே பிட்டுகளின் மின்னோட்டங்களைச் சுழற்றிச் சுழற்றிச் சமப்படுத்துகிறார்கள்; அதில் வரும் சிற்றலையை வடிகட்டுவது இவைதான். பொறுக்கியெடுத்ததற்கு அடையாளமாகக் கிரீடம் அச்சடித்த ரகம் என்று விற்பதில் போலிகள் ஏராளம், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

பழைய மல்டிபிட் சிப்புகளின் (ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு மின்னோட்டம் வைத்துக் கூட்டுபவை) பலவீனம் ஒலி அலையின் பூஜ்யப் புள்ளியில் இருக்கிறது. அலை அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் 16 பிட்டும் ஒரேயடியாகப் புரளும். மேல் பிட் ஒன்று, மற்ற எல்லாப் பிட்டுகளின் கூட்டுத்தொகைக்கு ஈடுகொடுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் மெல்லிய ஒலிதான் கெடும். பர்-பிரவுன் பிசிஎம்63இல் சிப்புக்குள்ளேயே இரண்டு டாக் சுற்றுகளை இணைத்து, பூஜ்யத்தின் அருகில் சின்னப் படிகளாகவே நகரும்படி செய்தார்கள். எனக்குப் பிடித்த வடிவமைப்பு அதுதான். மைனஸ் 60 டெசிபெல் சைன் அலை ஒன்றை ஓட்டி, ஹெட்போனில் கேளுங்கள்; கரகரத்தால் பூஜ்யத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். (சத்தத்தை ஏற்றி வைத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குத் தாவிவிடாதீர்கள், காது போய்விடும்.) போர்டில் டிரிம்மர் (சரிசெய்வதற்கான சின்னத் திருகு) இருந்தாலும் டிஸ்டார்ஷன் மீட்டர் இல்லாமல் திருக வேண்டாம்.

ஆனால் ஹெட்போனையோ ஆம்ப்ளிஃபையரையோ மாட்டுவதற்கு முன்பே ஒரு வேலை உண்டு. மியூட் ரிலே (தொடக்கத்தில் ஒலியை அடைத்துவைக்கும் சுவிட்ச்) 'டிக்' என்றதும் அவுட்புட்டில் மல்டிமீட்டரை வைத்து டிசி (நேர்மின்) வோல்டேஜை அளந்துகொள்ளுங்கள். சில மில்லிவோல்ட் பரவாயில்லை. நூற்றுக்கணக்கில் வந்தால் நேராக மெக்கானிக்கிடம்.

அப்புறம், இவற்றில் பல, சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் லாக் ஆகாது, அதாவது சிக்னலைப் பிடிக்காது. கணினியில் 44.1 என்று வைத்து, 75 ஓம் கோஆக்ஸியல் கேபிளில் கொடுங்கள்.