வீட்டிலும் ஒரு ஹேண்டோவர்

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நர்ஸ். காலை ஏழு முதல் இரவு ஏழு வரை டியூட்டி. கணவர் ஒரு கிடங்கில் கணக்கு பார்க்கிறார். பேறுகாலத்துக்கு வந்த அம்மா நாகர்கோவிலுக்குத் திரும்பினார், நான் வேலைக்குத் திரும்பினேன். அந்த வாரமே வீட்டில் சண்டை. "சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே" என்றார் அவர். எல்லாவற்றையும் நினைவு வைத்துச் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் என்னை அலுக்க வைத்தது. இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான்.

வார்டில் ஷிஃப்ட் மாறும்போது கட்டிலருகே நின்று, என்ன மருந்து எப்போது கொடுத்தோம், எது பாக்கி என்று சொல்லி ஒப்படைப்போம். இதைத்தான் ஹேண்டோவர் என்போம். அதன்பின் பொறுப்பு முழுக்க அடுத்தவருடையது. வீட்டிலும் அப்படியே செய்யுங்கள். எங்கள் ஃப்ரிட்ஜ் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஒரு நாள் அவர் எழுதியது: "4.10 – பால் 90 மில்லி. 5 மணி – வெளிக்குப் போனான். மூக்கடைப்பு, சலைன் 2 சொட்டு. டயப்பர் நாலுதான் இருக்கு, நாளைக்கு நான் வாங்குறேன்." கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தீரப்போவதை அவராகவே பார்த்திருக்கிறார்!

ஒப்படைத்த பிறகு குறுக்கே போகாதீர்கள். அவர் டயப்பரைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டினால் கட்டட்டும். மருந்தளவு, காய்ச்சல், மூச்சு: இந்த மூன்றில் மட்டும் உடனே வாய் திறக்கலாம்.

லீவைக் குழந்தை பிறப்பதற்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். எங்கள் பிள்ளை பிறந்தபோது அப்பாவுக்கு 10 நாள்தான். 2025 அக்டோபரில் இந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தந்த தீர்ப்புப்படி, இருவரும் வேலையில் இருந்தால் நான்கு மாதம் பத்து நாளைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளலாம். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் தாய்க்குக் கட்டாய ஓய்வு. மீதியில் ஒரு பங்கை, நீங்கள் வேலைக்குத் திரும்பும் நாளிலிருந்து அவர் எடுப்பது நல்லது. லீவுக்குச் சம்பளம் தராத கம்பெனி என்றால் யூஐஎஃப் என்ற அரசு வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு வரம்புக்கு உட்பட்டு சம்பளத்தில் 66 சதவீதம் கிடைக்கும். தாள்களை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்.

முதல் ஆறு மாதம் பால் கொடுக்கவோ எடுக்கவோ தினம் இரண்டு முறை அரை மணி நேரம் வேலையிடத்தில் தர வேண்டும் என்று இந்நாட்டு வேலையிட நெறிமுறை சொல்கிறது. தயங்காமல் கேளுங்கள். எடுத்த பாலை ஃப்ரிட்ஜில் நான்கு நாள் வரை வைக்கலாம். டர்பன் வெயிலில் வெளியே வைக்காதீர்கள்.

பகலில் பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துக்கொள்கிறார். நான்கு தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பம், தமிழ் பேச வராது. ஆனாலும் அவன் தன்னை ‘ஆயா’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பார். உறவாகப் பழகினாலும் மாதப் பணத்தை ஒன்றாம் தேதியே கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், உங்கள் இருவருக்கென்று ஒரு பத்து நிமிடம். பிள்ளை தூங்கியதும் நாங்கள் பின்வாசல் படியில் உட்கார்ந்து டீ குடிப்போம். அப்போது டயப்பர், பால், பில் எதையும் பேசுவதில்லை. நோட்டை மூடி ஃப்ரிட்ஜ் மேல் வைத்த பிறகுதான் டீயை ஊற்றுவேன்.