வாசித்த கதை படமாக வரும்போது வாசகர் செய்யும் தவறுகள்

2022 ஒக்டோபர் முதல் வாரம். பெட்ரோலுக்கு கியூஆர் கோட்டா, அதாவது அளந்து கொடுக்கும் பங்கீடு, இருந்த காலம் என்பதால், பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில்தான் 'பொன்னியின் செல்வன்' பார்க்கப் போனேன். படம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பெரியம்மா என் பக்கம் சரிந்து, "பிள்ளை, வீரநாராயண ஏரி எங்கே?" என்றார். நாவல் ஆடிப்பெருக்கன்று அந்த ஏரிக்கரையில், குதிரைமேல் வரும் வந்தியத்தேவனோடு தொடங்கும். படம் இராஷ்டிரகூடர்களோடு நடக்கும் போரில் தொடங்கியது. அந்தக் கேள்வியை விட்டு அவர் படத்துக்குத் திரும்பி வர இடைவேளை ஆயிற்று.

பொன்னியின் செல்வனில் மந்திரக்கோலும் இல்லை, டிராகனும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் மாயக்கதையின் இடத்தில் இருந்தது அதுதான். எனக்கு அதே நோய் டோல்கீனின் மோதிரக் கதையிலும் (லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்) ஹரி பொட்டரிலும் பிடித்தது. பெரியம்மாவைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. படங்கள் மோசமாக இருக்கலாம், பல படங்கள் உண்மையாகவே மோசம்தான். ஆனாலும் அந்த ஏமாற்றத்தில் பாதியை நாங்கள் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகிறோம்.

முதலாவது தவறு, படம் வருவதற்கு முந்தைய வாரம் புத்தகத்தை எடுத்து மறுபடி வாசிப்பது. ஆசையில் செய்வதுதான். ஆனால் பரீட்சைக்குப் பாடமாக்கிக்கொண்டு போன பிள்ளைக்கு, படித்ததில் எதெது வினாத்தாளில் வரவில்லை என்பதுதான் கண்ணில் குத்தும். கணக்கைப் பாருங்கள். திரைக்கதையில் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது சினிமாக்காரர்களின் பொதுக் கணக்கு. ஹரி பொட்டர் வரிசையிலேயே பெரிய புத்தகம் ஐந்தாவது. பிரித்தானியப் பதிப்பில் 766 பக்கம். அதன் படம் 138 நிமிடம். எட்டுப் படங்களில் அதைவிடச் சின்னது கடைசிப் படம் ஒன்றுதான். திரைக்கதைப் பக்கத்தில் எழுத்தும் குறைவு, பாதி வெள்ளைத் தாள். அப்படியென்றால் எவ்வளவு வெளியே போயிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வாசித்து ஒரு வருடமாவது ஆன பிறகு போனால் மனத்தில் கதை மட்டும் நிற்கும், வசனங்கள் மங்கியிருக்கும். படம் பார்க்க அந்த மங்கல் நல்லது. நான் இப்போது படம் பார்த்து ஒரு மாதம் கழித்துத்தான் புத்தகத்தைத் தொடுகிறேன்.

அடுத்தது, இல்லாததை எண்ணுவது. மோதிரக் கதையின் முதல் படத்தில், புத்தகத்தில் வரும் டொம் பொம்பாடில் என்ற பாத்திரம் இல்லை என்று 2001இல் தொடங்கிய புலம்பல் இன்னும் ஓயவில்லை. ஆனால் அதே படம் இன்னொன்றையும் வெட்டியது, அதைப் பற்றி அவ்வளவாக யாரும் கதைப்பதில்லை. புத்தகத்தில் பில்போவின் பிறந்தநாள் விருந்துக்கும் கதாநாயகன் ஃபுரோடோ ஊரை விட்டுப் புறப்படுவதற்கும் இடையில் 17 வருடங்கள் போகின்றன. படத்தில் அந்த இடைவெளி தெரியவே தெரியாது. ஏன்? பின்னால் எதிரி துரத்துகிறான் என்று சொல்லிவிட்டு, கதாநாயகனைப் பதினேழு வருடம் வீட்டில் தேநீர் குடிக்க வைத்தால் தியேட்டரில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். புத்தகம் மெதுவாக நடக்கலாம். வாசகர் நடுவில் மூடிவைத்து, சமைத்து, தூங்கி எழுந்து வருவார். 1950இல் தொடங்கி வாராவாரம் வந்த தொடர்கதை ஏரிக்கரையில் ஆறுதலாக நிற்கலாம், அடுத்த வாரம் இருக்கிறதே! இரண்டே முக்கால் மணி நேரப் படத்துக்கு அடுத்த வாரம் கிடையாது. ஆகவே 'அது எங்கே' என்று தேடுவதைவிட, 'அந்தக் காட்சி செய்த வேலையை இங்கே எது செய்கிறது' என்று கேட்டுப் பாருங்கள். எதுவும் செய்யவில்லை என்றால் தாராளமாகத் திட்டலாம்.

நேரம் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பிழைதான். 'ஹொபிட்' 1937இல் வந்த சின்னப் புத்தகம், முந்நூறு பக்கம் வரும். அதை 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக, ஏறக்குறைய எட்டு மணி நேரத்துக்கு இழுத்தார்கள். புத்தகத்திலேயே இல்லாத ஒரு காதல் உள்ளே வந்தது. சாம்பாருக்குத் தண்ணீர் சேர்த்த கதை.

இனி நான் அதிகம் யோசித்த ஒன்று. 'என் மனத்தில் இருந்த முகத்தைப் படம் அழித்துவிட்டது' என்பார்கள். அந்த முகம் உண்மையாகவே உங்களுடையதா?

பெரியம்மாவின் அலுமாரியில், அம்மப்பா வாரம் வாரம் கிழித்துச் சேர்த்து பைண்ட் பண்ணிய கல்கிப் பக்கங்கள் இருக்கின்றன. மட்டை கழன்று, துணி நாடாவால் கட்டி வைத்த பொட்டலம். முதுகில் நீல மையில் 'பொ.செ. 2'. தாள் பழுத்து அப்பள நிறமாகிவிட்டது, விளிம்பைத் தொட்டால் தூளாக உதிரும். உள்ளே மணியத்தின் ஓவியங்கள். பெரிய பழுவேட்டரையரின் மீசையை யாரோ பென்சிலால் இன்னும் நீட்டிவிட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் மாமா செய்த வேலை என்று பெரியம்மா இன்றைக்கும் அடித்துச் சொல்வார். படம் பார்த்து வந்த இரவு அந்தப் பொட்டலத்தைப் பிரித்துக் குந்தவையைக் காட்டி, "இதுதான் குந்தவை" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் தேடியது தன் கற்பனையை அல்ல, மணியத்தின் கொண்டையை. மோதிரக் கதைப் படங்கள் பலருக்கு 'நான் நினைத்த மாதிரியே இருக்கிறது' என்று தோன்றியதற்கும் இதுவே ஒரு காரணம். அந்தப் புத்தகங்களுக்கு முன்பே படம் வரைந்திருந்த அலன் லீ, ஜோன் ஹவ் இருவரையும் அழைத்துத்தான் படத்தின் உலகத்தை வரைய வைத்தார்கள். ஓவியர் ஏற்கெனவே வந்து குடியிருந்த வீட்டுக்குள் நடிகர் வந்தால் மட்டும் ஏன் அவ்வளவு கோபம்?

இதையெல்லாம் வாசித்துவிட்டு, 'சரி, படம் வேறு, புத்தகம் வேறு' என்று எல்லாவற்றையும் மன்னித்துவிடாதீர்கள். அதுவும் தவறு. அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எர்த்ஸீ' நாவலில் கெட் என்ற மந்திரவாதி செம்பழுப்பு நிறத்தவன். கதை நடக்கும் தீவுக்கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் கறுப்போ பழுப்போதான். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் கெட் வெள்ளைக்காரன். எழுத்தாளர் வெளிப்படையாகவே எழுதிக் கண்டித்தார். கொழும்பில் இருந்துகொண்டு அந்தப் புத்தகத்தை வாசித்த எனக்கு, கடைசியில் எங்களைப் போல ஒருவன் மந்திரம் கற்றுக்கொள்கிறான் என்று இருந்தது. அதை எடுத்துவிட்டால் நேரம் மிச்சமாவதில்லை, கதையும் விரைவாவதில்லை. கதை எதன்மேல் நிற்கிறதோ அதையே பிடுங்குவது அது.

இதற்கு மறுபக்கம், ஹவுல் என்ற மந்திரவாதியின் கதையான 'ஹவுலின் நகரும் கோட்டை'. புத்தகத்தில் மந்திரக் கதவின் குமிழைக் கறுப்புப் பக்கம் திருப்பினால் நிஜ உலகத்து வேல்ஸ் வரும், ஹவுலின் அக்கா குடும்பம் அங்கே இருக்கும். ஜப்பானிய இயக்குநர் மியாசாக்கியின் 2004 படத்தில் வேல்ஸ் கிடையாது, கதவு போருக்குத் திறக்கிறது. அவ்வளவு பெரிய மாற்றம், ஆனாலும் எழுத்தாளர் டயானா வின் ஜோன்ஸுக்குப் படம் பிடித்திருந்தது. எனக்கும்தான்.

பக்கத்து இருக்கையில் வாசிக்காத ஒருவர் இருந்தால், அவர் காதில் குசுகுசுக்க வேண்டாம். அவர் படத்தோடு சந்தோஷமாக இருக்கிறார், விட்டுவிடுங்கள். வாசித்தவரோடு போனால், படம் முடிந்து ரோல்ஸும் பிளேன்ரீயும் வந்த பிறகு சண்டை பிடிக்கலாம்.

2023 ஏப்ரலில் இரண்டாம் பாகம் வந்தபோது பெரியம்மாவைக் கூப்பிட்டேன். உடனே வரவில்லை. "நீ முதலில் போய்ப் பார். என்னென்ன இல்லை என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வா. அதைப் பார்த்துவிட்டு வருகிறேன், பிறகு நான் ஏன் தேடப் போகிறேன்?" என்றார்.