ரேசரின் ஒரு விளிம்பு மட்டும் சுரண்டியது ஏன்?

சேஃப்டி ரேசரில் (இரு விளிம்பும் கூரான பிளேடை மூடிக்கு அடியில் பொருத்தும் வகை) சவரம் செய்தாலே கழுத்தில் எரிச்சல், சிவந்த புள்ளிகள். புது பிளேடு, வேறு சோப்பு, 30 டிகிரி கோணம் என எதுவும் பலிக்கவில்லை, நாள்கள்தான் வீணாயின.

பிறகுதான் கவனித்தேன்: ஒரு விளிம்பு வழுக்கிச் செல்கிறது, ரேசரைத் திருப்பினால் மறு விளிம்பு சுரண்டுகிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பிளேடு ஒரு பக்கம் கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தது. மூடிக்கு அடியில், பிளேடைத் தாங்கும் முளைகளைச் சுற்றிக் கடின நீரும் சோப்பும் சேர்ந்து இறுகிய வெள்ளைப் படிவு!

வினிகர் கலந்த நீரில் சில நிமிடங்கள் ஊறவைத்து (நெடுநேரம் ஊறினால் முலாம் கெடும்), பழைய பல் துலக்கியால் தேய்த்தேன். மூடியைக் கவிழ்த்து, பிளேடின் கூரில்லாத இரு முனைகளையும் அழுத்திப் பிடித்தபடி கைப்பிடியை முறுக்கினேன். இருபுற இடைவெளியும் சமமானது. எரிச்சல் அன்றே நின்றது, அப்பாடா!