கார்டில் பட்டம் இருக்கு, கட்டை எங்கே? பாலக்காட்டுப் பக்கம் மேடை தேடுவோர் செய்யும் தவறுகள்

கோவையிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வாளையாறு, மீனாட்சிபுரம் தாண்டிக் கச்சேரி மேடை தேடிப் போகிற பாடகர்கள் பலர். நேரில் பார்க்கிற மனிதரே கையோடு வாய்ப்புத் தருவார் என்று நினைத்துப் பேசுகிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நாலு மாதம் கழித்து யாரோ ஒருவர் அவரிடம் போனில் ஆள் கேட்பார், அப்போது அவர் சொல்லும் ஒரு வரியில்தான் வாய்ப்பு இருக்கிறது. "கிணத்துக்கடவுல ஒரு பொண்ணு பாடுது, அஞ்சரைக் கட்டை, ரெண்டு மணி நேரம் நின்னு பாடும், பக்கவாத்தியம் அவங்களே கூட்டிட்டு வந்துருவாங்க." இப்படி ஒரு வரி அவருக்கு ஞாபகம் இருக்கும்படி பேசிவிட்டு வந்தால் போதும்.

"கர்நாடகமும் பாடுவேன், சினிமாப் பாட்டும் உண்டு, பஜனையும் செய்வோம்" என்று அடுக்கினால் எதுவும் நிற்காது. விசிட்டிங் கார்டும் அப்படித்தான். நாலு பட்டத்துக்கு இடம் இருக்கும், கட்டைக்கு, அதாவது நீங்கள் பாடும் சுருதிக்கு, மட்டும் இருக்காது.

கட்டை ஏன் முக்கியம் என்பதை மிருதங்கக்காரர் பக்கமிருந்து பார்க்க வேண்டும். 1 கட்டை என்றால் கீபோர்டில் சி, 5 என்றால் ஜி. ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டைக்குள்ளும் பெண்கள் 5, 6 பக்கமும் பாடுவார்கள். இரண்டுக்கும் ஒரே மிருதங்கம் ஒத்துவராது. 5 கட்டைக்குக் கொஞ்சம் பெரிய, தக்கு (தாழ்ந்த) சுருதி மிருதங்கம் வேண்டும். 1 கட்டைக்குச் சிறியது, ஹெச்சு (உயர்ந்த) சுருதி. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் விளிம்பைக் கல்லால் தட்டி அரைக் கட்டை அளவுக்கு ஏற்றலாம், இறக்கலாம். அதைத் தாண்டினால் நாதம் போய்விடும், சில நேரம் தோலும் போய்விடும். எனவே உங்கள் கட்டை தெரியாதவர், எந்த வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வருவது என்று தெரியாமல், உங்கள் பெயரையே சொல்லாமல் விட்டுவிடுவார். பேண்டு வைத்திருப்பவர்களுக்குக் கட்டைக்குப் பதில் மேடைக் கணக்கு: "நாலு பேர், ரெண்டு பாட்டு மைக், கீபோர்டு ஸ்டீரியோவுக்கு ரெண்டு டிஐ பாக்ஸ், கஹோனுக்கு ஒரு மைக், ரெண்டு மானிட்டர்." டிஐ பாக்ஸ் என்பது கீபோர்டை மிக்சரோடு இணைக்கும் பெட்டி, கஹோன் என்பது மேலே உட்கார்ந்து கையால் தட்டும் பெட்டி வாத்தியம். இந்தக் கணக்கை முதலில் சொல்ல வேண்டியது சவுண்ட் ஆபரேட்டரிடம். ஒரே சீசனில் பல கமிட்டிகளின் மேடையைப் பார்ப்பவர் அவர். அவரை யாரும் மதித்துப் பேசுவதில்லை என்பது நமக்கு வசதி.

அடுத்தது நேரம். நவம்பரில் பாலக்காட்டின் கல்பாத்தி தேருக்கு முன்னால் நடக்கும் சங்கீத உற்சவத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கச்சேரிக்கு அரை மணி முன்னால், சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறவர் முன்னால் போய் நின்று "நானும் பாடுவேன் சார்" என்பார்கள். தம்புராவில் காதை வைத்திருப்பவருக்கு உங்கள் பெயர் விழாது, தொந்தரவு மட்டும் விழும். மங்களம் முடிந்ததும் எல்லோரும் பிரதான பாடகரைச் சூழ்ந்துகொள்வார்கள். அந்தக் கூட்டத்திலும் பயனில்லை. மேடையில் பாடகரின் வலது கைப் பக்கத்தைப் பாருங்கள். மிருதங்கக்காரர் தொப்பியில், அதாவது வாத்தியத்தின் இடப்பக்கத் தோலில், அப்பிய ரவையை வழித்துத் துடைத்து, வாத்தியத்தை உறையில் போடும் ஐந்து நிமிடம் இருக்கிறதே, அப்போது அவருக்குக் கைதான் வேலையாக இருக்கும், காது சும்மா இருக்கும். வயலின்காரர் வில்லைத் தளர்த்திப் பெட்டியில் வைக்கும் நேரமும் அப்படியே. தனி ஆவர்த்தனத்தில் (தாள வாத்தியம் தனியாக வாசிக்கும் பகுதியில்) எது பிடித்தது என்று குறிப்பாக ஒன்றைச் சொல்லி, உங்கள் ஒரு வரியைச் சொல்லி, நம்பர் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். போனைக் காதில் வைத்து "கேளுங்க, ஒரு நிமிஷம்தான்" என்று பாட்டுப் போட வேண்டாம். அதை அன்றிரவு அனுப்பலாம். அதுவும் நாற்பது நிமிட வீடியோவாக இல்லாமல், ஆலாபனையோ சரணமோ நேரடியாகத் தொடங்கும் மூன்று நிமிடத் துண்டாக.

கோயில் கமிட்டி செயலாளரை உற்சவ நாளில் போய்ப் பிடிப்பது இன்னொரு தவறு. அன்று அவருக்கு யானை, வெடிவழிபாடு, போலீஸ் எல்லாம் தலையில் இருக்கும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி வேறு. கேரளத்தில் உற்சவ சீசன் விருச்சிகத்தில் சூடுபிடித்து மேடம் வரை போகும். நம் கணக்கில் கார்த்திகை முதல் சித்திரை. நோட்டீஸ் அச்சாவதற்கு வெகு முன்னாலேயே நிகழ்ச்சிகள் முடிவாகிவிடும் என்பதால் ஆவணி, புரட்டாசியிலேயே போய்ப் பார்த்துவிடுங்கள். தேதி கேட்பதைவிட மாதமும் நட்சத்திரமும் கேட்பது நல்லது. கும்ப மாதத்தில் (நம் மாசி) இன்ன நட்சத்திரம் என்று வரும் உற்சவம் ஒவ்வொரு வருடமும் வேறு தேதியில் விழும், போன வருடத் தேதியை நம்பி வேறு இடத்தில் ஒத்துக்கொண்டால் இரண்டும் இடிக்கும். குருவாயூர் செம்பை சங்கீதோற்சவம் மட்டும் தனி. அங்கே தேவஸ்வம் (கோயில் நிர்வாகம்) விண்ணப்பம் வாங்கித் தேர்வு செய்கிறது. அதற்கு ஆள் பிடிக்க அலைய வேண்டாம், அறிவிப்பைக் கவனித்து விண்ணப்பித்தால் போதும்.

பேச்சு விஷயத்தில் ஒரு பள்ளம் உண்டு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழே ஓடும், கல்பாத்தி அக்ரகாரத்திலும் அப்படியே. மற்ற இடங்களில் அரைகுறை மலையாளம் பேசும்போது, நம் "நீங்கள்" போலவே மரியாதை என்று நினைத்துப் பெரியவர்களை "நிங்ஙள்" என்றுவிடுவோம். முன்பின் தெரியாத மூத்தவரிடம் அது கொஞ்சம் வெட்டென்று கேட்கும். சார், மாஷ், சேட்டன் என்று முறை வைத்தே பேசிவிடலாம். செண்டைக் கலைஞர் என்றால் ஆசான். "டிரம்மர்" என்று வாய் தவறியும் சொல்ல வேண்டாம். "நோக்காம்" என்று பதில் வந்தால் நம் ஊர் "பார்க்கலாம்" எவ்வளவு எடையோ அவ்வளவுதான் எடை.

சன்மானத்தை நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள், கேட்காமலும் விடாதீர்கள். தொகை பக்கவாத்தியம் சேர்த்தா, தனியா, வண்டி யாருடையது, சாப்பாடு, தங்கல் உண்டா, எத்தனை மணி நேரம் என்பதை அன்று மாலையே வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக எழுதி அனுப்பி, "சரி" வாங்கிவிடுங்கள். தினமும் காலை வணக்கப் படம் அனுப்புகிறவரின் எண் மியூட்டில் போய்விடும், பிறகு முக்கியமான செய்தியும் அங்கேயே கிடக்கும்.

கடைசியாக, கமிட்டிக்கு உங்களை அழைத்துப்போன வயலின்காரரைத் தாண்டி அடுத்த வருடம் நேராகப் பேசிவிடுவது. கமிஷன் மிச்சம் என்று தோன்றும். பாலக்காட்டு வட்டம் சிறியது, விஷயம் ஒரே வாரத்தில் அவர் காதுக்குப் போய்விடும். முதலில் அவருக்கு ஒரு போன் போட்டு, "அண்ணா, கமிட்டியில இருந்து கூப்பிட்டாங்க, தேதி உங்களுக்கு ஒத்துவருமா?" என்று கேளுங்கள். அவரால் வர முடியாவிட்டால் யாரை வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்வார்.