கேம்கார்டரில் படம் வரவில்லை, வலது ஸ்பீக்கரில் மட்டும் இரைச்சல்

பழைய கேம்கார்டரின் ஒயர் தொலைந்துவிட்டது. 3.5 மி.மீ. பின்னிலிருந்து மஞ்சள் (வீடியோ), சிவப்பு (வலது ஆடியோ), வெள்ளை (இடது ஆடியோ) என்று மூன்றாகப் பிரியும் புது ஒயர் வாங்கி டிவியில் செருகினேன். இடது ஸ்பீக்கரில் குரல் தெளிவு, வலதில் 'பர்ர்' என்ற இரைச்சல், திரை கறுப்பு.

டிவியில் PAL, NTSC என்ற வீடியோ முறைகளை மாற்றிப் பார்த்தேன். கேம்கார்டரின் சாக்கெட்டைத் துடைத்தேன். அதே மாதிரி இன்னொரு ஒயரும் வாங்கினேன். மூன்று நாள் வீண்.

அப்புறம்தான் கவனித்தேன்: கேசட்டில் காட்சி மாறும்போதெல்லாம் அந்த இரைச்சலின் தன்மையும் மாறியது. எர்த் இணைப்புக் கோளாறால் வரும் சாதாரண இரைச்சல் அப்படி மாறாது. ஆக, வீடியோ சிக்னல்தான் ஆடியோவுக்குள் போகிறது.

பின்னின் எந்தப் பகுதி எந்த நிற ஒயருடன் இணைந்திருக்கிறது என்று மல்டிமீட்டரில் (கன்டினியூட்டி) பார்த்தேன். இந்த ஒயரில் பின்னின் நுனி வெள்ளை, இரண்டாம் வளையம் சிவப்பு, மூன்றாவது கிரவுண்ட் (எல்லாவற்றுக்கும் பொதுவான இணைப்பு), அடிப்பகுதி மஞ்சள். என் கேம்கார்டரோ வீடியோவை இரண்டாம் வளையத்தில் அனுப்புகிறது, வலது ஆடியோவை அடிப்பகுதியில். நல்லவேளை, கிரவுண்ட் இரண்டிலும் ஒரே இடம். அது மாறியிருந்தால் வேறு ஒயர்தான் வழி.

சிவப்புப் பின்னை டிவியின் மஞ்சள் சாக்கெட்டிலும், மஞ்சளைச் சிவப்பிலும் செருகினேன். உடனே கலரில் படம் வந்தது, இரைச்சலும் போனது. நிம்மதி!

வீடியோவுக்கு 75 ஓம் ஒயர்தான் சரி. ஆனால் இந்த ஒன்றரை மீட்டர் நீளத்தில் சிவப்பு ஒயரில் வரும் படத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.